பெண் பார்க்க வந்தவர்களும் துள்ளுக் கட்டிலும்

பெண் பார்க்க வருகிறவர்களைக் கதிரையில் உட்கார வைக்கலாம், பாயில் உட்கார வைக்கலாம், வழியே இல்லையென்றால் வாசற்படியில்கூட உட்கார வைக்கலாம். டிராம்போலினில் மட்டும் உட்கார வைக்கக் கூடாது. இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பட்டுச் சேலையும் பட்டு வேட்டியுமாக ஒரு குடும்பமே என் கண் முன்னால் உருண்டதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு குண்டசாலையில். கண்டிப் பக்கம் காணி வாங்குகிறவர்களுக்குத் தட்டையான நிலம் கிடைக்கப் பூர்வ ஜென்மப் புண்ணியம் வேண்டும். எங்கள் கணக்கில் அது இருக்கவில்லை. எங்கள் முற்றத்தில் ஒரு பந்து கைநழுவினால், ஆள் உயரத் திட்டு ஒன்றிலிருந்து கீழே விழுந்து, கீழ்வீட்டு சோமா அக்காவின் வாழைத் தோட்டத்தில் போய்த்தான் நிற்கும். அப்படிப்பட்ட முற்றத்துக்குத்தான் டிராம்போலின் வந்து சேர்ந்தது. அக்காவின் கணவர் கட்டாரில் வேலை செய்தார். எங்களோடு இருந்த தன் மகள் அனுஷியின் பிறந்தநாளுக்கு அவர் அனுப்பிய பரிசு அது. பிரித்துப் பூட்டி நிறுத்தியபோது எங்கள் ஹாலைவிடப் பெரிதாக இருந்தது. தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, 'துள்ளுக் கட்டில்' என்று பெயர் வைத்தார்.

நான் அப்போது இரண்டாம் வகுப்பு ஆசிரியை. உலகத்தையே ஒரு பிரம்பும் வெண்கட்டியும் கொண்டு திருத்திவிடலாம் என்று நம்பிய காலம். பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தை வரிக்கு வரி படித்தேன். ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏற வேண்டும். நடுவில்தான் துள்ள வேண்டும். சுற்றிவர இருக்கும் வலையை மூடாமல் துள்ளக் கூடாது. காப்பு, சங்கிலி எல்லாம் கழற்ற வேண்டும். இறங்கும்போது குதிக்கக் கூடாது, உட்கார்ந்து வழுக்கி இறங்க வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். இத்தனையையும் ஒப்புவித்த பிறகுதான் அனுஷி காலை வைக்கலாம் என்று சட்டம் போட்டேன். (பாவம் பிள்ளை, தேவாரத்தைக்கூட இவ்வளவு ஒழுங்காகப் பாடமாக்கியதில்லை.)

என் சட்டம் அனுஷியிடம் செல்லுபடியானது. பெரியவர்களிடம் செல்லவில்லை. முதலில் அப்பா. சமதரையில்தான் வைக்க வேண்டும் என்று நான் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். வீட்டில் தட்டையாக இருந்த ஒரே இடத்தில் அவருடைய ஓட்டோ நின்றது. அதை நகர்த்த அவருக்கு மனமில்லை. சரிவிலேயே வைத்து, கீழ்ப்பக்கத்துக் கால்களுக்குச் செங்கல் அடுக்கிவிட்டார். அடுத்தது அம்மா. குரங்குகள் வந்து போஞ்சிக் காய்களைப் பிடுங்கித் தின்கின்றன என்று, பாதுகாப்பு வலையைக் கழற்றி போஞ்சிப் பாத்திக்கு மேலே கட்டிவிட்டார். போஞ்சி பறிக்கும் வரைக்கும்தானாம். கடைசியில் அக்கா. சுருள் கம்பிகளை மூடியிருந்த நீல மெத்தை வெயிலில் கிடந்தால் பழுதாகிவிடும் என்று, அதைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரிக்கு மேலே பத்திரப்படுத்தினாள். புதுப் பொருளைப் பாவிக்காமல் பாதுகாப்பதில் எங்கள் வீட்டுப் பெண்களை மிஞ்ச ஆள் இல்லை. மூன்றும் சரியாகும்வரை யாரும் அதில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அனுஷி என்னோடு கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை.

இந்த நேரத்தில்தான் குகனின் அம்மா வரச் சம்மதித்தார்.

குகன் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் பாடசாலைக்கு மாற்றலாகி வந்த கணித ஆசிரியர். நான் ஒரு பக்கம் பேசிக்கொண்டே இருக்க, அவர் மறுபக்கம் சிரித்துக்கொண்டே இருக்க, எப்படியோ விஷயம் முற்றிவிட்டது. எங்கள் வீட்டில் பெரிதாக மறுப்பில்லை. அவருடைய அம்மாதான் வருடக்கணக்கில் பிடி கொடுக்கவில்லை. மலைநாட்டுப் பிள்ளை என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, பிள்ளை வாய்க்காரி என்று யாரோ போய் ஓதியிருந்தார்கள். (ஓதியவர் பொய் சொல்லவில்லை. மைதானத்தின் இந்த மூலையில் நின்று நான் கூப்பிட்டால் அந்த மூலையில் நிற்கும் பிள்ளை மட்டுமல்ல, வீதியில் போகும் பஸ்ஸும் நிற்கும்.) கடைசியில், ஒன்றும் வாக்குத் தர மாட்டேன், வந்து பார்க்கிறேன், அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு பார்வையில்தான் என் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. அது சரி வராவிட்டால் இனிக் கேட்க மாட்டேன் என்று குகன் தன் தாய்க்கு ஏற்கனவே சொல்லிவிட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள், பாடசாலை முடிந்து போகும்போது, குகன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் குறைச்சுக் கதையும்."

வேறு நாளென்றால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். அன்று தலையாட்டினேன். வீட்டில் அம்மாவும் அக்காவும் அதையே வேறு வேறு வார்த்தைகளில் ராத்திரி முழுக்கச் சொன்னார்கள். சிரி, குனி, தேத்தண்ணி கொடு, போ. இவ்வளவுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

நாலு பேர் வருவதாகச் செய்தி. வாசலில் வந்து நின்ற வானிலிருந்து ஒன்பது பேர் இறங்கினார்கள். கண்டிக்கு வருவதுதான் வருகிறோம், அப்படியே பேராதனைப் பூந்தோட்டத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உறவுக்காரர்களும் ஏறிவிட்டார்களாம். எங்களிடம் ஒழுங்கான கதிரை இரண்டு. வழமையாகக் கதிரை தந்து உதவும் சோமா அக்கா, அன்று பார்த்து எல்லாவற்றையும் பிக்குமார் வந்து பிரித் ஓதும் வீடு ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். வந்தவர்களில் இரண்டு பேரைக் கதிரையிலும் மற்றவர்களை முக்காலியிலும் இருத்தினால் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

இங்கே என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஓட்டோ ஓட்ட வருவதற்கு முன் ஆயுள் முழுக்க வத்தேகம – கண்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இடம் இல்லை என்ற சொல்லை அவர் நாக்கு அறியாது. நான் அடுக்களையில் சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே எட்டிப் பார்த்தபோது, டிராம்போலினுக்கு மேலே புத்தம் புதிய வெள்ளைத் துணி விரித்திருந்தது. நல்ல காற்று, நேரே மலை தெரியும், இதைவிட நல்ல இடம் வீட்டுக்குள்ளே கிடையாது என்று சொல்லிச் சொல்லி, வந்த பெரியவர்களை அதன் விளிம்பைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டிருந்தார். சுருள் கம்பிகளை வெள்ளைத் துணி அழகாக மறைத்திருந்தது. ஐந்து பேர் உட்கார்ந்ததும் விளிம்பு நிறைந்துவிட்டது. அப்பா விட்டாரா?

"கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி ஒக்காருங்க. இன்னும் ரெண்டு பேருக்குத் தாராளமா எடம் இருக்கு."

கண்டியில் பஸ் ஏறியவர்கள் யாரும் இந்தக் குரலுக்குக் கீழ்ப்படியாமல் இருந்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் கீழ்ப்படிந்தார்கள். உள்ளுக்குத் தள்ளி, உள்ளுக்குத் தள்ளி, ஏழு பேரும் விளிம்பை விட்டுத் துள்ளும் பகுதிக்கே போய்விட்டார்கள். வானில் வந்த மற்ற இரண்டு இளசுகளும், முன்னமே வந்திருந்த குகனும் முற்றத்தில் நின்றார்கள். குகனின் அம்மாவுக்கு மலை நன்றாகத் தெரிய வேண்டும் என்று கீழ்ப்பக்கத்தில், செங்கல் வைத்த கால்களுக்கு நேர் மேலே இடம். எதிரே மேல்பக்கத்தில் குகனின் பெரியப்பா. ஓய்வு பெற்ற அதிபர். ஆள் நல்ல பருமன். அவர் கடைசியாக வந்து பொத்தென்று உட்கார்ந்ததும், மற்ற ஆறு பேரும் ஒரு சாண் மேலே போய்க் கீழே வந்தார்கள். கண்டியில் கட்டில்கள் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்திருப்பார்கள்.

நான் தேத்தண்ணித் தட்டத்தோடு வாசலில் நின்றேன். என் கண்ணுக்கு மனிதர்களே தெரியவில்லை. வலை இல்லை, மெத்தை இல்லை, சரிவு, செங்கல், ஒருவருக்குப் பதில் ஏழு பேர், அத்தனை பேர் கையிலும் காப்பு. சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா பின்னால் நின்று முழங்கையால் இடித்து, "சிரி" என்றாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் படம் பிடித்திருந்தால் பல் வைத்தியர்கள் சுவரில் மாட்டியிருப்பார்கள்.

அப்பா அதற்குள் அடுத்த காரியத்தைச் செய்தார். லட்டும் முறுக்கும் நிறைந்த தட்டத்தை எல்லோருக்கும் எட்டும்படியாக நட்டநடுவில் வைத்தார். அது மெல்ல ஒரு குழியில் இறங்கி நின்றது. பெரியப்பா மரியாதைக்கு ஒரு லட்டு எடுக்கலாம் என்று கையை நீட்டினார். உடம்பு கையைத் தொடர்ந்தது. அவர் நடுவுக்கு உருண்டதும் குழி இன்னும் ஆழமாகி, மற்றவர்கள் ஒவ்வொருவராக வரிசை தப்பாமல் அவர் மேல் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் எழும்ப முயற்சி செய்தால் இன்னொருவர் மேலே போனார். மேலே போனவர் கீழே வந்தால் மூன்றாமவர் போனார். லட்டுகள் எல்லோரையும்விட உயரமாகப் போயின. குகனின் சித்தி ஒருவர் முருகா முருகா என்றார். ஒவ்வொரு முருகாவும் ஒவ்வொரு உயரத்திலிருந்து கேட்டது.

இதற்குள் எனக்குச் சிரிப்பு வரத் தொடங்கிவிட்டது என்று சொன்னால் என் மாமியார் இன்றும் நம்ப மாட்டார். ஆனால் அந்தச் சிரிப்பு வெளியே வர முன்னமே, கீழ்ப்பக்கத்தில் செங்கல் வெடிக்கும் சத்தம் கேட்டது. கட்டில் சோமா அக்காவின் தோட்டப் பக்கம் சரிந்தது. குவியலிலிருந்து குகனின் அம்மா வழுக்கிப்போய்த் திட்டுப் பக்கத்து விளிம்பில் சிக்கிக்கொண்டார். அவர் சேலைத் தலைப்பைச் சுருள் கம்பி ஒன்று கவ்விப் பிடித்திருந்தது. பெரியப்பாவோ எப்படியோ தவழ்ந்து மேல்பக்கத்துக்குப் போய், மூத்தவர் என்ற முறையில் முதலில் இறங்க ஒரு காலை வெளியே போட்டுவிட்டார். அந்தப் பாரம் இறங்கினால் மற்ற அத்தனையும் கீழ்ப்பக்கத்துக்குக் கவிழ்ந்து, குகனின் அம்மாதான் முதலில் திட்டுக்குக் கீழே போவார். அது எனக்கு அந்த நொடியில் பளிச்சென்று விளங்கியது.

தட்டத்தை அக்கா கையில் திணித்தேன். பிறகு வந்தது என் மைதானக் குரல்.

"ஒருத்தரும் அசையக் கூடாது. எல்லாரும் கையக் கட்டுங்க."

ஏழு பேரும் கையைக் கட்டினார்கள். ஒருவர் கையில் அரை முறுக்கு இருந்தது, அதோடு சேர்த்துக் கட்டினார். பெரியப்பா மட்டும் காலை உள்ளே எடுக்காமல், தான் இறங்கினால் மற்றவர்களுக்கு இடம் வரும் என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

"நீங்க கடைசி. ஒக்காருங்க."

எத்தனையோ ஆசிரியர்களை நடுங்க வைத்த அந்த மனிதர் காலை உள்ளே எடுத்து, சம்மணம் கட்டி, கையைக் கட்டிக்கொண்டார். அப்பாவையும் குகனையும் மேல்பக்கத்து விளிம்பைப் பிடித்து அமுக்கச் சொன்னேன். அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பார்க்க நேரமில்லை. பக்கவாட்டில் ஓடிப்போய்க் குகனின் அம்மாவின் கையைப் பிடித்தேன். அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று பாடம் நடந்திருந்தது. பதற்றத்தில் வேறு வந்தது.

"மாமி, எந்திரிக்காதீங்க. ஒக்காந்தபடியே என் பக்கம் வழுக்கி வாங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வந்தார். சேலை வரவில்லை. இழுத்தேன். காஞ்சிபுரப் பட்டு கிழியும் சத்தத்தைக் கேட்டவர்கள் கேட்டபடி இருக்க, மாமி மட்டும் தரையில் கால் ஊன்றினார். அதற்குப் பிறகு கீழ்ப்பக்கத்தில் இருந்தவர்களை ஒருவர் பின் ஒருவராக, உட்கார்ந்தபடி, வழுக்கி, என் கையைப் பிடித்து இறங்க வைத்தேன். சித்தி குதிக்கப் பார்த்தார். குதிக்கக் கூடாது என்று அதட்டினேன். கடைசியில் பெரியப்பா இறங்கியபோது, "சரி, கையைப் பிரிங்க" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். வழக்க தோஷம்.

ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எல்லோரும் எங்கள் சின்ன ஹாலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பா கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். நான் அடுக்களைக்குப் போய், கேத்தலுக்கு முன்னால் நின்று அழுதேன். நாணிக் கோணி நின்று கொடுக்க வேண்டிய தேத்தண்ணியைக் கொடுக்கவில்லை. சபையில் மூத்தவரை அதட்டியாயிற்று. இன்னும் சம்மதமே தராதவரை மாமி என்று கூப்பிட்டு, அவர் பட்டுச் சேலையையும் கிழித்தாயிற்று. இனி என்ன மிச்சம் இருக்கிறது? வான் கிளம்பும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

வந்தது காலடிச் சத்தம். கிழிந்த தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் நின்றார்.

"பிள்ளை, உதில ஆக்களை இருத்தக் கூடாதெண்டு உமக்கு முதலே தெரியுமோ?"

தெரியும் என்று தலையாட்டினேன்.

"பேந்து ஏன் சொல்லேல்ல?"

"கொறைச்சுப் பேசச் சொன்னாங்க."

"ஆர்?"

என் கண் போன திசையில் அவர் திரும்பினார். அடுக்களை வாசலில் குகன், கையில் ஒரு செங்கல் துண்டோடு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"இவன் சொல்லுவான். சின்னனில இருந்து இவன் ஒரு பயந்தாங்கொள்ளி. இனிமேல் இவன்ர சொல்லைக் கேட்டு நீர் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது, விளங்குதோ?"

இனிமேல் என்று சொன்னார். அதன் பிறகு அவர் சேலையைப் பற்றி ஏதோ சொன்னார், ஊரில் நல்ல தையற்காரி இருக்கிறாள் என்றோ என்னவோ சொன்னார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தோஷத்தில் மறுபடி அழுகை வந்தது. அவரே கேத்தலை இறக்கி வைத்தார்.

தேத்தண்ணி குடித்து முடித்ததும் ஒரு விசித்திரம் நடந்தது. அந்தச் சாமானை ஒழுங்காகப் பாவித்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்றார் மாமி. அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். இல்லை. அப்பா தானே போய் ஓட்டோவை எடுத்து வீதியில் விட்டார். வந்த இளசுகளும் குகனும் டிராம்போலினைத் தூக்கி வந்து அந்தத் தட்டையான இடத்தில் வைத்தார்கள். அக்கா அலுமாரிக்கு மேலிருந்து மெத்தையை இறக்கிப் பொலித்தீனைக் கிழித்தாள். அதைக் கிழிக்கும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அம்மா போஞ்சிப் பாத்தியிலிருந்து வலையைக் கழற்றிக் கொண்டுவந்தார். கொடி இரண்டு அதோடேயே வந்தன. பெரியப்பா ஒவ்வொரு காலையும் அசைத்துப் பார்த்து, சரி என்று அறிக்கை கொடுத்தார்.

மாமி காப்பையும் சங்கிலியையும் கழற்றி என் கையில் தந்துவிட்டு ஏறப் போனார். அனுஷி குறுக்கே நின்றாள். ஒப்புவிக்காமல் ஏற முடியாதாம். அவள் சொல்லச் சொல்ல, மாமியும் வரி தவறாமல் திருப்பிச் சொன்னார். பிறகு சேலைக் கொய்யகத்தை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார். வலையை மூடினேன். நடுவில் நின்று முதலில் முழங்காலை மட்டும் மடக்கி நிமிர்ந்தார். பிறகு மெல்ல ஒரு துள்ளல். பிறகு இன்னொன்று, கொஞ்சம் உயரமாக. திடீரென்று சிரிக்கத் தொடங்கினார், சின்னப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்களே, அப்படி. என் பக்கத்தில் நின்ற குகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் அப்பா செத்த பிறகு அம்மா சிரித்துத் தான் பார்க்கவில்லை என்று அன்று மாலை எனக்குச் சொன்னார்.

அன்று அவர்கள் பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போகவில்லை. வலைக்கு வெளியே வரிசை நின்றது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்று அனுஷி காவல் நின்றாள். வான் கிளம்பும்போது கல்யாணத்துக்கு மாதம் குறித்தாகிவிட்டது.

இப்போது எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். வருடா வருடம் யாழ்ப்பாணம் போகிறோம். அங்கே புதிதாக யாராவது வீட்டுக்கு வந்து, இந்த மலைநாட்டு மருமகளை எப்படிப் பார்த்துப் பிடித்தீர்கள் என்று கேட்டால் போதும், மாமி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"நாங்கள் எங்க பிள்ளையைப் பார்த்தனாங்கள்? கையைக் கட்டிக்கொண்டு இருந்தனாங்கள். பிள்ளைதான் எங்களைப் பார்த்து ஒவ்வொருத்தரா எடுத்தது."

பெரியப்பா பக்கத்தில் இருந்தால், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே அவருடைய பங்கைச் சேர்ப்பார்.

"என்னைக் கடைசியாத்தான் எடுத்தவ."